அலுவலகத் தொலைபேசியில் வெளி அழைப்புக்குப் பூட்டு: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஒரே பொருளைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: எங்களுடையது கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள மாங்கூழ் தொழிற்சாலை. அலுவலகம், பழம் இறக்கும் தளம், ஆய்வுக்கூடம், வாயிற்காவல் என்று 14 எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசிகள்) உள்ளன. இவற்றை இணைத்துப் பல ஆண்டுகள் உழைத்த இபிஏபிஎக்ஸ் பெட்டியை எடுத்துவிட்டு, சென்ற மாதம் அதே வேலையைக் கணினி வலையமைப்பு வழியே செய்யும் ஐபி-பிபிஎக்ஸ் பொருத்தினோம். வெளியே செல்ல நான்கு சேனல் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகளைத் தாங்கும் எஸ்ஐபி டிரங்க் (வலையமைப்பு வழியே வரும் வெளி லைன்) ஒன்றும் பழைய லேண்ட்லைன் ஒன்றும் இருக்கின்றன. பழைய பெட்டிக்குத் தொடக்கத்தில் போட்டிருந்தது போலவே எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) பூட்டு வேண்டும் என்று கேட்டோம். போட்டதும் எந்த விவசாயியின் செல்பேசிக்கும் அழைப்பு போகவில்லை. பூட்டை எடுத்தால் ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) வரை எல்லாம் திறந்துகொள்கிறது. பெங்களூரா பழம் வரத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஏதும் இல்லையா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட “பழைய பூட்டு” எதைப் பூட்டியது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். எஸ்டிடி பூட்டு என்பது அந்தக் காலத்தில் மிக எளிய விதி: வெளி லைன் கிடைத்த பிறகு அழுத்தும் முதல் எண் பூஜ்யமாக இருந்தால் அழைப்பை வெட்டிவிடு. உள்ளூர் எண்ணுக்குப் பூஜ்யம் தேவையில்லை, வெளியூருக்குத் தேவை என்றிருந்த வரையில் அது சரியாகவே வேலை செய்தது. லேண்ட்லைனிலிருந்து செல்பேசிக்கு அழைக்கும்போது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்தே அழுத்த வேண்டும் என்ற நடைமுறை 2021 ஜனவரி 15 முதல் வந்துவிட்டது. அன்று முதல் பூஜ்யத்தைப் பூட்டினால் பக்கத்துத் தோப்புக்காரரின் செல்பேசியும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. உங்கள் பழைய பெட்டியிலும் இந்தத் தொல்லை வந்திருக்கத்தான் வேண்டும். யாரோ ஒருவர் அப்போதே பூட்டைச் சத்தமில்லாமல் கழற்றியிருப்பார், அல்லது ஊழியர்கள் தங்கள் கைப்பேசிக்கு மாறியிருப்பார்கள்.

பூட்டை எடுத்தவுடன் ஐஎஸ்டி திறந்துகொள்வதற்குக் காரணம், பொருத்தித் தந்தவர் எழுதிய விதியில் இருக்கக்கூடும். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட பிபிஎக்ஸ்களில் வெளி அழைப்பு விதியை எண்களாலும் சில ஆங்கில எழுத்துகளாலும் எழுதுவார்கள். எக்ஸ் (X) என்ற எழுத்து 0 முதல் 9 வரை எந்த எண்ணையும், இசட் (Z) என்ற எழுத்து 1 முதல் 9 வரையும், என் (N) என்ற எழுத்து 2 முதல் 9 வரையும் குறிக்கும். புள்ளி வைத்தால் அதற்குப் பிறகு எத்தனை எண்கள் வந்தாலும் சரி என்று பொருள். அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு பூஜ்யத்தையும் ஒரு புள்ளியையும் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லா அழைப்பும் போகும், வாடிக்கையாளரும் மகிழ்வார். ஐஎஸ்டி அழைப்பின் தொடக்கமாகிய 00-வும் அந்தப் பூஜ்யப் புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது என்பது பில் வரும்போதுதான் தெரியும்.

இந்த இடத்தில் நம் நாட்டு எண்முறையே உங்களுக்குக் கைகொடுக்கிறது. செல்பேசியானாலும் எஸ்டிடி கோடு சேர்ந்த லேண்ட்லைனானாலும் பூஜ்யத்துக்குப் பின்னால் வருவது பத்து எண்கள். கிருஷ்ணகிரியின் 04343-ஐ எடுத்துக்கொண்டால் பூஜ்யம் போக நான்கு எண் கோடு, அதன்பின் ஆறு எண் தொலைபேசி, ஆகப் பத்து. சென்னையின் 044-க்குக் கோடு இரண்டு, தொலைபேசி எட்டு, அதுவும் பத்துதான். எனவே “பூஜ்யம், இசட், அதன்பின் ஒன்பது எக்ஸ்” என்று பதினோரு இடங்களுக்கு ஒரே வரி எழுதினால் உள்நாட்டு அழைப்புகள் அனைத்தும் போகும். இரண்டாவது இடத்தில் பூஜ்யம் வர முடியாது என்பதால் ஐஎஸ்டி தானாகவே வெளியே நின்றுவிடும். கோடு இல்லாமல் அழுத்தும் ஆறு எண் உள்ளூர் அழைப்புக்கு ஒரு வரியும், 1800 கட்டணமில்லா எண்களுக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1860 என்று தொடங்குபவை பார்வைக்கு 1800-இன் தம்பி போல் இருந்தாலும் கட்டணமில்லா எண்கள் அல்ல என்பதால், அவற்றைத் தனியே யோசித்துத் திறக்கவும்.

செல்பேசிக்கு மட்டும் அனுமதி, எஸ்டிடிக்கு இல்லை என்று பிரிக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். செல்பேசி எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குவதால் பூஜ்யத்துக்குப் பின் அந்த நான்கை மட்டும் அனுமதித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பெங்களூரு 080, அகமதாபாத் 079, சித்தூர் 08572 ஆகிய லேண்ட்லைன் கோடுகளும் அந்த விதியில் நுழைந்துவிடும். தமிழ்நாட்டுக் கோடுகள் 04-இல் தொடங்குவதால் அவை நின்றுவிடும். விளைவு, பெங்களூருக்குப் பேசலாம், தருமபுரிக்குக் கோடு போட்டுப் பேச முடியாது. எல்லை மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படியொரு விதியை எழுதி வைத்தால் யாரும் காரணத்தைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. என் கருத்தைக் கேட்டால், உள்நாட்டு அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் இல்லாத திட்டங்கள் பரவலாகிவிட்ட இந்நாளில் எஸ்டிடியைப் பூட்டுவதில் பெரிய மிச்சம் இல்லை. உங்களிடம் இருப்பவை நான்கு சேனல்கள். அவை நான்கிலும் ஒரே நேரத்தில் சொந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தால் பழம் கொண்டுவரும் லாரிக்காரருக்கு என்கேஜ்ட் ஒலிதான் கேட்கும். அந்த ஒலிக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். உள்ளே வரும் அழைப்புக்கென்று ஒரு சேனலை ஒதுக்கிவிட்டு, வெளியே செல்ல மூன்றை மட்டும் விட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் உடனே கவனியுங்கள். பழைய பெட்டியில் வெளி லைனுக்கு ஒரு பூஜ்யம், செல்பேசிக்கு ஒரு பூஜ்யம் என்று இரண்டு பூஜ்யம் அழுத்திப் பழகிய விரல்கள் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். புதிய பிபிஎக்ஸில் வெளி லைனுக்கென்று தனி எண் வைக்காவிட்டால் அந்த இரண்டு பூஜ்யமும் 00 ஆகிறது. 00 என்றால் வெளிநாடு. 94 என்று தொடங்கும் செல்பேசி எண்ணை அப்படி அழுத்தினால் இயந்திரம் அதை இலங்கைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும். 98 என்று தொடங்கினால் ஈரான். சாதாரண எக்ஸ்டென்ஷனில் “அனுமதி இல்லை” என்ற அறிவிப்போடு முடிந்துவிடும். ஐஎஸ்டி திறந்திருக்கும் ஏற்றுமதி மேலாளரின் எக்ஸ்டென்ஷனிலோ அழைப்பு கிளம்பியே விடும். வெளி லைனுக்கு 9 என்று வைத்துவிடுங்கள், அல்லது முன்னெண்ணே வேண்டாம் என்று ஒரு வாரம் எல்லோரையும் பழக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டாம்.

விதிகளின் வரிசையும் முக்கியம். ஃப்ரீபிபிஎக்ஸ், த்ரீசிஎக்ஸ் போன்ற பிபிஎக்ஸ் மென்பொருள்களில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் விதியே எடுத்துக்கொள்ளப்படும். அவசர எண்கள் உச்சியில், ஐஎஸ்டி அதற்கடுத்து அதற்குரிய எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும், உள்நாடு அதன் கீழே. எந்த விதியிலும் பொருந்தாத எண் போகக் கூடாது. “மற்றவை அனைத்தும்” என்றொரு கடைசி வரி இருந்தால் அதை அழித்துவிடுங்கள். தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் உலகத்தில் தடுக்க வேண்டிய எண்கள் எத்தனை என்று எவராலும் எழுதி முடிக்க முடியாது. எங்கெல்லாம் பேச வேண்டும் என்பதையோ அரைத் தாளில் எழுதிவிடலாம்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் சிறு உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறோம். எங்கள் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருப்பதால் தொலைபேசி இணைப்பும் அங்கிருந்தே வருகிறது. இரவு 9 மணிக்கு மேல் வெளி அழைப்பு எதுவும் போகாமல் நிறுத்திவிட நினைக்கிறோம். இரவுக் காவலருக்குப் பின் நம்பர் ஒன்று கொடுத்துவிட்டால் போதுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: போதாது. நெருப்புப் புகையைப் பார்த்த காவலர் நான்கு இலக்க எண்ணை நினைவுபடுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. 112, 100, 101, 108 ஆகியவை எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும், எந்த நேரத்திலும், பின் நம்பர் கேட்காமல் போக வேண்டும். வெளி லைனுக்கு 9 அழுத்தும் வழக்கம் இருந்தால் 112 என்று அழுத்தினாலும் 9112 என்று அழுத்தினாலும் போகும்படி இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள், பதற்றத்தில் இருப்பவர் எதை அழுத்துவார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதற்காகவே 2018-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள்; 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே புதிதாக நிறுவப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இல்லாமல் 911-ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும். ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டும் என்று தெரியாத ஒன்பது வயதுச் சிறுமி 911-ஐ மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தியும் அழைப்பு போகாததே அந்தச் சட்டம் பிறந்த கதை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இணைப்பு பெங்களூரில் இருப்பதால், ஓசூரில் இருந்து 108 அழுத்தினால் அழைப்பு கர்நாடகத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஓசூரிலேயே ஒரு லேண்ட்லைன் வைத்து, அவசர எண்களுக்கான விதியை மட்டும் அந்த லைன் வழியே திருப்பிவிடச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் மாத வாடகையைப் பெரிதாக நினைக்க வேண்டாம்.

மற்றபடி இரவு நேரக் கட்டுப்பாடு நல்லதே. காவலரின் எக்ஸ்டென்ஷனுக்கு முதலாளி, மேலாளர், மின்பணியாளர் ஆகியோரின் எண்களைச் சுருக்க எண்ணாகச் சேமித்து, அவற்றை மட்டும் அனுமதியுங்கள். பின் நம்பரைப் பொறுத்தவரை, ஆளுக்கொன்று கொடுத்தால்தான் பயன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கொடுத்தால் அது ஒரு வாரத்தில் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: பர்கூரில் கிரானைட் ஏற்றுமதி செய்கிறோம். ஐஎஸ்டி வசதி மூன்று எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டுமே கொடுத்திருந்தோம். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், நாங்கள் வணிகமே செய்யாத நாடுகளுக்குத் தொடர்ச்சியாக அழைப்புகள் போயிருப்பதாகப் பில் வந்திருக்கிறது. அன்று அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. ஊழியர்களைச் சந்தேகிப்பதா, தொலைபேசி நிறுவனத்தைச் சந்தேகிப்பதா?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: இருவரையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது விடுமுறை நாள், இரவு நேரம், அறிமுகமில்லாத நாடுகள், விடாத தொடர்ச்சி ஆகிய நான்கும் வெளியாள் பிபிஎக்ஸுக்குள் நுழைந்ததையே காட்டுகின்றன. சில வெளிநாட்டு எண்களுக்கு வரும் அழைப்புக் கட்டணத்தில் அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் பங்கு உண்டு. மோசடிக்காரர் அப்படிப்பட்ட எண்களை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்தவரின் பிபிஎக்ஸிலிருந்து அவற்றுக்குத் தானே அழைக்கிறார். பேச்சு எதுவும் இருக்காது, நிமிடங்கள் மட்டும் ஓடும்.

அலுவலகக் கதவைப் பூட்டியது இதற்குத் தடையாகாது. பிபிஎக்ஸ் இணையத்தோடு இணைந்திருந்தால் அதன் வாசல் வேறு. எஸ்ஐபி வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட்டை (இணைய வாசலின் எண்ணை) உலகெங்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் 201, அதற்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைத்திருந்தால் கதவு அப்போதே திறந்துவிடும். உங்கள் மேலாளர் வெளியூரிலிருந்தும் பேசுவதற்காகக் கைப்பேசிச் செயலியில் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். அதற்காகத் திறந்துவைத்த வழியாகவே பெரும்பாலும் ஆள் நுழைகிறார். எல்லா எக்ஸ்டென்ஷன்களின் கடவுச்சொல்லையும் நீளமாக, எண்ணும் எழுத்தும் கலந்து மாற்றுங்கள். வெளியிலிருந்து இணைவோர் விபிஎன் என்னும் பாதுகாக்கப்பட்ட தனி இணைய வழியாக மட்டும் வரட்டும். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரியைத் தானாகத் தடுக்கும் வசதியையும் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பலரும் மறந்துவிடும் கொல்லைப்புற வழிகள். டிசா என்றொரு வசதி உண்டு: வெளியிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து, பின் நம்பர் அழுத்தி, அலுவலக லைனிலேயே வேறொருவரை அழைக்கலாம். தேவையில்லையென்றால் அதை முழுமையாக மூடுங்கள். கால் ஃபார்வர்டு இன்னொன்று. 00 அழுத்த முடியாத எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட முடிகிறதா என்று சோதியுங்கள். சில அமைப்புகளில் திருப்பிவிடுவதற்கு விதி தனி. அழைக்க முடியாதவர் திருப்பிவிட முடியும். ரிசப்ஷனில் இருப்பவர் ஐஎஸ்டி லைனைப் போட்டுப் பூட்டிய எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிக்கொடுப்பதும் இந்த வகைதான், ஆனால் அதை இயந்திரத்தைவிட வாய்ச்சொல்லால் நிறுத்துவது எளிது. செயலியிலிருந்து அழைப்பவர்கள் 00-க்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டு அழைப்பார்கள். அந்த வடிவத்துக்கும் அதே விதி பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய நினைவு வருகிறது. சுழற்றும் தொலைபேசி இருந்த நாளில் தருமபுரிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், டயலின் துளையில் சிறு பூட்டு ஒன்றை மாட்டிவிட்டு முதலாளி மாலையில் வீட்டுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் கணக்குப்பிள்ளை ரிசீவரை எடுத்து, அது அமரும் கட்டையை எண்ணுக்கேற்பத் தாளம் தப்பாமல் தட்டுவார், அழைப்பு போய்விடும். பூட்டு டயலில் இருந்தது, லைனில் இல்லை.

உங்கள் லைனில் பூட்டு போட வேண்டிய இடம் தொலைபேசி நிறுவனம். ஐஎஸ்டி உண்மையிலேயே தேவையில்லாத டிரங்குகளுக்கு அவர்களிடம் எழுத்துமூலம் சொல்லி அங்கேயே அடைத்துவிடுங்கள். பிபிஎக்ஸ் முழுவதும் அடுத்தவர் கைக்குப் போனாலும் அந்தப் பூட்டு நிற்கும். தேவைப்படும் ஒரு டிரங்குக்கு நாள் அல்லது மாத வரம்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிபிஎக்ஸில், நீங்கள் சரக்கு அனுப்பும் நாடுகளின் கோடுகளை மட்டும் திறந்து, அவற்றையும் அலுவலக நேரத்துக்குள் நிறுத்துங்கள். அமெரிக்காவுக்காக 1 என்ற கோடைத் திறக்கும்போது எச்சரிக்கை தேவை. கனடா மட்டுமல்லாமல் ஜமைக்கா, பஹாமாஸ், டொமினிகன் குடியரசு போன்ற கரீபியன் நாடுகளும் அதே 1-இன் கீழ் வருகின்றன. உங்கள் வாங்குநர்களின் வட்டாரக் கோடுகள் நான்கைந்துதான் என்றால், 001-க்குப் பின் அந்த மூன்று எண்களையும் சேர்த்தே விதி எழுதுங்கள்.

பில்லைப் பொறுத்தவரை, பிபிஎக்ஸை அழித்துப் புதிதாக நிறுவுவதற்கு முன்னால் அதிலுள்ள அழைப்புப் பதிவுகளையும் நுழைவுப் பதிவுகளையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். 1930 என்ற எண்ணிலோ மாவட்ட சைபர் குற்றப்பிரிவிலோ புகார் கொடுத்து, அதன் நகலோடு தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்கள் சார்பில் வேறு சான்று எதுவும் இல்லை.

கேள்வி: அரூர் அருகே ஒரு பள்ளி விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். மாணவர்கள் பெற்றோருடன் பேச ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறோம். பெற்றோரின் எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும். செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: எளிதாக முடியும். அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எல்லா வெளி அழைப்பையும் மூடிவிட்டு, பெற்றோரின் எண்களைப் பொதுச் சுருக்க எண்களாகச் சேமியுங்கள். பல இபிஏபிஎக்ஸ்களில் சுருக்க எண் வழியாகப் போகும் அழைப்புக்கு மட்டும் பூட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம். மாணவருக்குத் தன் மூன்று இலக்க எண் தெரிந்தால் போதும். 112-உம் குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098-உம் அந்த எக்ஸ்டென்ஷனில் எப்போதும் திறந்தே இருக்கட்டும். காப்பாளரைப் பற்றியே ஒரு பிள்ளை புகார் சொல்ல நேர்ந்தாலும் அந்த அழைப்பு போக வேண்டும் என்பதால், உங்கள் மேசை மீதுள்ள தொலைபேசியாக அது இருக்கக் கூடாது.

கேள்வி: எல்லாம் போட்டு முடித்தாயிற்று என்று சர்வீஸ்காரர் கையெழுத்து கேட்கிறார். சரியாக இருக்கிறதா என்று கணினி தெரியாத நான் எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: கணினி தேவையில்லை. அவர் எதிரிலேயே ஒவ்வொரு வகை எக்ஸ்டென்ஷனிலிருந்தும் அழைத்துப் பாருங்கள். உங்கள் செல்பேசிக்குப் பூஜ்யம் சேர்த்து ஒரு முறை, ஓசூரின் 04344 சேர்த்து ஒரு லேண்ட்லைனுக்கு ஒரு முறை, 00 போட்டுத் தெரிந்தவரின் வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு முறை. போக வேண்டியது போகிறதா என்பதைவிட, போகக் கூடாதது என்ன சொல்லி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பு வர வேண்டும். வெறுமனே அமைதியாக இருந்தால் அழைப்பு பின்னால் எங்கோ முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்படலாம். பிறகு பூட்டிய எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு எண்ணுக்கு ஃபார்வர்டு செய்து, வேறொரு தொலைபேசியிலிருந்து அதற்கு அழையுங்கள். அவசர எண்களை விளையாட்டுக்கு அழைக்க வேண்டாம். அவற்றுக்கான விதி எந்த லைனில் போகிறது என்று திரையில் காட்டச் சொன்னால் போதும். கடைசியாக அன்றைய அழைப்புப் பட்டியலை அச்செடுத்து, நீங்கள் செய்த அத்தனை முயற்சிகளும், தடுக்கப்பட்டவை உட்பட, அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லையும் அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்து போடுங்கள்.